பார்த்தேன், சொல்ல மாட்டேன்

போன வருஷம் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள். அவரிடம் இந்தி படித்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான் என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். கார் அனுப்பி ஓசூருக்கு அழைத்துப் போனார்கள். மேடையில் அஞ்சல்தலையைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அதில் அவர் கதர்க் குல்லாய் போட்டுக்கொண்டு, வலது கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அவர் குல்லாய் போட்டு நான் பார்த்ததில்லை. வலது கையில் அவரால் பேனா பிடிக்கவும் முடியாது.

என்னைப் பேசச் சொன்னார்கள். நல்ல ஆசிரியர், எளிமையானவர் என்று நாலு நிமிஷம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உண்மையில் சொல்ல வேண்டியதை எழுதி எடுத்துப் போயிருந்தேன். அந்தக் காகிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அதை விரித்து எழுத உட்கார்ந்தேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. வேறு யார் பெயரையும் எழுதப் போவதில்லை. அவரைப் பற்றி எழுதுகிறவனுக்கு அதுதான் முறை என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் ராயக்கோட்டை மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. அதற்கு மேல் அடையாளம் வேண்டாம்.

ஊரில் அவரை இந்தி வாத்தியார் என்பார்கள். பிறந்தது தர்மபுரிப் பக்கம், தாய்மொழி தமிழ். வெள்ளைக்காரன் காலத்தில் தந்திக் கம்பி அறுத்த வழக்கில் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார். அங்கே பக்கத்து அறையில் இருந்த வடக்கத்திக் கைதியிடம் இந்தி கற்றுக்கொண்டு, அந்த மொழியிலேயே கதை எழுத ஆரம்பித்தார். விடுதலையான பிறகும் நிறுத்தவில்லை. பகலில் எங்கள் பள்ளிக்கூடத்தில் தற்காலிக இந்தி வாத்தியார். சாயங்காலம் ஒரு கேழ்வரகுக் கிடங்கின் முன்பக்கத்தில் பெரியவர்களுக்கும் எங்களுக்கும் இலவச வகுப்பு. இரவில் கதை. வடக்கே பத்திரிகைகளில் அவை வந்தன. எங்கள் ஊரில் படிக்க ஆள் இல்லை. அந்தப் பத்திரிகைகளை அவர் மனைவி மிளகாய் கட்டவும் அடுப்பு மேடையில் விரிக்கவும் பயன்படுத்துவார்.

வலது கையில் மூன்று விரல்கள் உள்ளங்கைப் பக்கமாக மடங்கியே இருக்கும். கம்பி அறுக்கக் கூட வந்தது யார் யார் என்று போலீஸ் கேட்டபோது மடங்கியது. இதை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. அப்போது அங்கே கான்ஸ்டபிளாக இருந்து, பிறகு எங்கள் ஊருக்கு ஏட்டாக வந்தவர் டீக்கடையில் வைத்துச் சொன்னார். அவர் சொல்லும்போது வாத்தியாரும் அதே பெஞ்சியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளு. மாத்தி மாத்தி அடிச்சோம். ஒரு பேரு வரலியே!" என்றார் ஏட்டு, ஏதோ தன் மாட்டைப் பற்றிப் பெருமை பேசுகிறவர் போல. "இல்லீங்களா வாத்தியாரே?"

"டீ ஆறிப் போவுது, குடிங்க" என்றார் இவர்.

பெயர் சொல்லாதது அவருக்குக் கொள்கை என்று முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் உடம்பில் ஊறிய பழக்கம் போல இருந்தது. வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முகங்களைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பார். பெயர் வாசிக்க மாட்டார். "பேரைக் கூப்பிட்டு எடுங்க சார்" என்று ஹெட்மாஸ்டர் பல தடவை சொன்னார். "கண்ணு நல்லா தெரியுதுங்களே" என்பார். எங்கள் எல்லோருக்கும் ஒரே அழைப்புதான், தம்பி.

ஒரு முறை பள்ளியில் இருந்த ஒரே உலக உருண்டையை ஒரு பையன் உடைத்துவிட்டான். ஹெட்மாஸ்டர் பிரம்போடு வந்து வகுப்பு முழுவதையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"யார்றா ஒடச்சது? சொல்ற வரைக்கும் எல்லாத்துக்கும் அடி."

வாத்தியார் அப்போது வகுப்பில்தான் இருந்தார். உடைத்ததைப் பார்த்தும் இருந்தார். பேசாமல் போய் வரிசையின் கடைசியில் நின்று இடது கையை நீட்டினார்.

"என்னா சார் இது? நீங்க எதுக்கு?"

"எனக்குந் தெரியுங்க. நானுஞ் சொல்லல. அப்ப எனக்கும் உண்டுதானுங்களே."

பையன்கள் சிரித்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் பிரம்பை மேசைமேல் போட்டுவிட்டு வெளியே போனார். நாங்கள் வெகுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

தியாகிகளுக்கு சர்க்கார் நிலம் கொடுக்கிறது என்று பேச்சு வந்தபோது, மனைவியின் பிடுங்கல் தாங்காமல் மனுப் போட ஒப்புக்கொண்டார். என் எழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு தாலூகா ஆபீசுக்குப் போனார். ஒவ்வொரு கட்டமாக அவர் சொல்ல நான் எழுதினேன். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்.

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "கூட வேல செஞ்சவங்க ரெண்டு பேரு, கூட உள்ள இருந்தவங்க ரெண்டு பேரு. பேர், ஊர், தகப்பனார் பேர். எழுதச் சொல்லுங்க."

"அது காலியா இருக்கட்டுங்க."

"காலியா வுட்டா மனு நிக்காதுங்க."

"அன்னிக்கும் இதேதாங்க கேட்டாங்க. அடிச்சிக் கேட்டாங்க. நீங்க நெலத்தக் காட்டிக் கேக்கறீங்க."

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாமி, சொதந்தரம் வந்து எத்தினி வருஷம் ஆச்சு! இப்ப அவங்களப் புடிச்சினு போறதுக்கு யாரு வரப் போறாங்க?"

"வர மாட்டாங்கதான். ஆனா எம் பேரச் சொல்லிக்கோன்னு அவங்க எங்கிட்ட சொல்லலீங்களே."

நிலம் வரவில்லை. அன்று வீட்டு வாசலில் என்னைத் தனியாக நிறுத்தி அவர் மனைவி கேட்டார். "அந்தக் கட்டத்தக் காலியா வுட்டுட்டாரா?" நான் தலையாட்டினேன். "நம்ம வூட்டு அடுப்பு எரியுதான்னு ஒருத்தரும் வந்து பாத்ததில்ல. அவங்க பேரு மட்டும் பத்தரமா இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒருநாள் நானே அவரிடம் கேட்டேன். "சார், நீங்க தமிழ் ஆளு. தமிழ்ல ஏன் எழுத மாட்டேங்கறீங்க?"

"தமிழ்ல எழுதினா ஊர்ல படிச்சிருவாங்களே தம்பி. இது நம்ம வண்டிக்காரந்தான், இது அந்த வூட்டுப் பொண்ணுதான்னு கண்டுபுடிச்சிருவாங்க. நா எழுதறதெல்லாம் இங்கத்து ஆளுங்களத்தான். இந்தில எழுதினா அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

மொழிக்காக அல்ல, ஒளித்து வைப்பதற்காக அவர் இந்தியில் எழுதினார். இது அவர் மனைவிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது.

தையல்காரர் ஒருவர் கடைவீதியில் படிப்பகம் நடத்தினார். பத்திரிகைகள், பேச்சு, டீ. எனக்கு அப்போது இருபது வயது. சேலத்தில் இண்டர்மீடியட் முடித்துவிட்டு, ரெவின்யூ இலாகாவில் வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தேன். படிப்பகத்தில் பேசியதெல்லாம் எனக்குச் சரியாகப் பட்டது. வடக்கிலிருந்து ஒரு மொழியைக் கொண்டுவந்து தலையில் ஏற்றுவது தப்பு என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் எனக்கு வேறொரு சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் தெலுங்கு. அப்பாவை நாயனா என்று கூப்பிடுகிற வீடு. எங்கள் பக்கத்தில் அது அதிசயம் இல்லை. வீட்டில் தெலுங்கு, வயலில் கன்னடம், கடையில் தமிழ் என்று ஒரே ஆள் மூன்றும் பேசுவான். படிப்பகத்தில்தான் அது குற்றமாயிற்று. நான் ஏதாவது சொன்னால் தையல்காரர் ஊசியில் நூலைக் கோத்தபடியே, "ஒனக்கு என்னாப்பா, வூட்டுக்குப் போனா தெலுங்கு, கெடங்குக்குப் போனா இந்தி. தமிழு எங்களுக்குத்தான் வேணும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இந்தி வகுப்புக்குப் போவதை விட்டேன். அது போதவில்லை.

மற்ற ஊர்களில் ரயில்வே ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். பகலில், நாள் சொல்லிவிட்டு, கூட்டமாகப் போய் அழித்துவிட்டுக் கைதானார்கள். எங்கள் பக்கம் முன்பு ஓடிய சின்ன ரயிலை யுத்தத்தின்போது நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு ஸ்டேஷன் இல்லை. ஊரில் இந்தி எழுதியிருந்த இடம் தபாலாபீஸ் ஒன்றுதான். கைதாகவும் எங்களுக்குத் தைரியம் இல்லை. கைதானால் எனக்கு சர்க்கார் வேலை கிடைக்காது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தோம். அன்று கெலமங்கலம் பக்கத்தில் எருது விடும் விழா. ஆண்பிள்ளை ஒருவரும் ஊரில் இருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டோம்.

உத்தனப்பள்ளி ரோடு வேலைக்கு இறக்கியிருந்த பீப்பாயிலிருந்து தாரை எடுத்து வந்து, தையல்கடைக் கொல்லையில் மண்ணெண்ணெய் டின்னில் காய்ச்சினோம். தையல்காரர் தெருமுனையில் காவல் நின்றார். நான் போய்ப் பலகையில் பூசினேன். பூசி முடித்துத் திரும்பும்போது அவர் மெதுவாகக் கூப்பிட்டார். "டேய் தெலுங்கு! பொட்டியில இருக்கறத யாரு அழிக்கறது?"

சுவரில் பதித்த தபால் பெட்டியிலும் இந்தியில் ஒரு வரி எழுதியிருந்தது. பலகைக்குப் பூசிய கயிற்றுத் தூரிகையாலேயே அதையும் பூசியிருக்கலாம். டின்னோடு சாய்த்து ஊற்றினேன். அவர் அந்த வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் அப்படி ஊற்றியிருக்க மாட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னது அவர், ஊற்றியது நான். தார் நினைத்ததைவிட இளகி இருந்தது. கடிதம் போடுகிற வாய் வழியாக உள்ளே போயிற்று. காகிதம் பொசுங்குகிற சத்தம் கேட்டது.

நிமிர்ந்தபோது, தையல்காரர் காவல் நிற்காத மறுபக்கத்தில் வாத்தியார் நின்றிருந்தார். பத்தடி தூரம். இடது கையில் ஒரு கார்டு. போட வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கைய சுட்டுக்காத தம்பி" என்றார். வந்த வழியே திரும்பிப் போனார்.

மறுநாள் பெட்டியைத் திறந்த போஸ்ட்மாஸ்டர் "அய்யோ தேவரே!" என்று கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கன்னடக்காரர், சாதுவான மனிதர். கடிதங்கள் ஒரே கட்டியாகக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிப் பிரித்துப் பார்த்தார். நாலைந்தில்தான் விலாசம் தெரிந்தது. பலகையோடு நின்றிருந்தால் அது ஊர்ப் பேச்சாகப் போயிருக்கும். தபாலை அழித்ததால் பெரிய வழக்காயிற்று.

அந்தக் கட்டிக்குள் ஒரு கடிதம் இருந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கூலிக்காரப் பெண் ஒருத்தி, தங்கவயலில் சுரங்க வேலை செய்த புருஷனுக்கு அனுப்பியது. அவளுக்கு எழுதத் தெரியாது. வாத்தியார்தான் எழுதிக் கொடுத்திருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, உடனே வா என்று. சனிக்கிழமைத் தபாலிலேயே அது போயிருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்; அது தாரில் சிக்கியது தெரியாமல் அவள் ஐந்து நாள் காத்திருந்தாள். ஆறாம் நாள் தபாலாபீசில் வந்து கேட்டாள். வாத்தியார் உடனே தந்தி கொடுத்தார். புருஷன் வந்து சேர்ந்தபோது குழந்தையை அடக்கம் செய்து ஒருநாள் ஆகியிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையை வைத்துக்கொண்டு நான் நிறைய காலம் ஓட்டியிருக்கிறேன்.

புருஷன் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் வாத்தியார் எங்கள் வயலோரமாக வந்தார். நான் கிணற்றடியில் இருந்தேன். அவர் உட்காரவில்லை.

"அந்தம்மா வூட்டுக்கு ஒரு நடை போயிட்டு வா."

"எதுக்கு சார்?"

 அவர் என் முகத்தைப் பார்த்தார். "போயிட்டு வா" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார். நான் போகவில்லை. அந்தப் பெண் இருந்த தெரு வழியாகவே அதற்கப்புறம் நடக்கவில்லை.

தபாலாபீசுக்கு எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர், அந்த நேரத்தில் இந்தி வாத்தியார் கார்டோடு அந்தப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். ஏட்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். வேப்பமரத்தடியில் பையன்கள் சுற்றி நிற்க விசாரணை நடந்தது. நானும் கூட்டத்தில் நின்றேன். நிற்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று.

"என்னா வாத்தியாரே, மறுபடியும் நம்ம ரெண்டு பேருமா?" என்றார் ஏட்டு. "பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேன்."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"அன்னிக்கு வெள்ளக்காரன் சர்க்கார். சொல்லல, சரி. இது உங்க சர்க்கார். நீங்க ஜெயிலுக்குப் போயி வாங்கின சர்க்கார். இதுங்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"சர்க்கார் மாறிச்சுங்க. கேள்வி மாறலியே."

"அழிச்சது ஒங்க இந்திய, சாமி! ஒங்க சோத்துல மண்ணு போட்டவனுக்கா காவல் இருக்கறீங்க?"

 பார்க்கவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஏட்டுவே அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். "கண்ணு சரியாத் தெரியல, வெயிலுன்னு எழுதிக்கட்டுமா?" இவர், "கண்ணு நல்லாத் தெரியுதுங்க" என்றார். பையன்கள் சிலர் சிரித்தார்கள். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிக்கூடம் ஊர்ப் பெரியவர்கள் நடத்தியது. நாயனா அதன் கமிட்டியில் ஒருவர். அந்த மாதம்தான் வாத்தியாரின் வேலையை நிரந்தரமாக்குவதாக இருந்தது. குற்றவாளியை மறைக்கிறவரைப் பள்ளியில் வைத்திருந்தால் மானியம் நின்றுவிடும் என்று கமிட்டியில் பயம் வந்தது. திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேலை இல்லை என்று கெடு வைத்தார்கள். அதற்குள் ஊரில் வேறு கதையும் கிளம்பிவிட்டது. தாரை ஊற்றியதே அவர்தானாம். தமிழர்கள் மேல் பழி வர வேண்டும் என்று செய்தாராம். அந்தக் கதை படிப்பகத்தில் பிறந்தது. அதைச் சொன்னபோது நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர் ஏன் இந்தியில் எழுதுகிறார் என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். டீ வந்தது, எடுத்துக் குடித்தேன்.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. எழுதுகிற குமாஸ்தா ஊரில் இல்லாததால் நாயனா என்னை எழுத உட்கார வைத்தார். மற்றவர்களுக்கு இது தற்செயல். நாயனாவுக்கு அப்படி இல்லை என்று நினைக்கிறேன். என் வேட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த தாரை அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் துவைத்ததை அவர் பார்த்திருந்தார்.

வாத்தியார் வந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"கடேசியாக் கேக்கறோம். எங்களுக்கு மட்டுமாவது சொல்லுங்க, போலீசுக்குப் போவாது" என்றார் தலைவர்.

"பாத்தேன். சொல்ல மாட்டேங்க."

அவர் எனக்கு நேர் எதிரே நின்றிருந்தார். ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் மற்றவர்கள் அவர் கண்ணைப் பின்தொடர்ந்து வந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தலைவர் சொல்லச் சொல்ல அவரை வேலையிலிருந்து நீக்கும் தீர்மானத்தை நான் எழுதினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் பொய். அவரிடம் கையெழுத்து வாங்க நோட்டை நீட்டினேன். இடது கையால் போட்டுவிட்டு மேலே எழுதியிருந்ததைப் படித்தார்.

"எழுத்து நல்லா வந்திருக்குது" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வரப்பில் முன்னால் நடந்த நாயனா, திரும்பிப் பார்க்காமல் தெலுங்கில் ஒன்று சொன்னார். உத்தியோகம் வரும்வரை வாயைத் திறக்காதே என்று. அதைத் தவிர நாங்கள் இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பிறகு அவர் கெலமங்கலத்தில் ஒரு புளி மண்டியில் சீட்டு எழுதும் வேலைக்குப் போனார். தினம் நடந்து போய் நடந்து வருவார். அவர் மனைவி நாலு வீட்டில் மாவாட்டினார். புளித் தூசியும் ஜெயிலில் பிடித்த இருமலும் சேர்ந்துகொண்டன. நடுவில் தையல்காரர் கடையைக் காலி செய்துகொண்டு பெங்களூர் போய்விட்டார். வழக்கு ஆளில்லாமல் ஓய்ந்தது. கதைகள் மட்டும் வடக்கே தொடர்ந்து வந்தன; அவர் இறந்த பிறகு ஜெயில் நண்பர் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். அந்தப் புத்தகத்தால் வந்த புகழுக்குத்தான் அஞ்சல்தலை. நான் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். ஒரு கதையிலும் எவருக்கும் பெயர் கிடையாது. வண்டிக்காரன் இருக்கிறான், கிழவி இருக்கிறாள், ஏட்டுகூட இருக்கிறார், நல்ல மனிதராக. என்னைத் தேடினேன். நான் இல்லை. யாருக்கும் புரியாத மொழியில்கூட அவர் என்னைச் சொல்லவில்லை.

அவர் செய்தது சரியா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. குழந்தையை இழந்தவளுக்கு, யாரால் என்று தெரிந்துகொள்ள உரிமை இருந்தது. அதையும் சேர்த்துத்தான் அவர் மூடி வைத்தார். அவர் வாயை மூடியதில் பிழைத்தவன் நான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

என் வேலை உத்தரவு வந்தது. அதற்கு முன் நன்னடத்தை விசாரணைக்கு அதே ஏட்டுதான் வந்தார். எங்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டு, கெட்ட பழக்கம் இல்லை, எந்த வழக்கிலும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வாரம் வாத்தியாரைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேலையில் சேர்வதற்கு முன் மனசை இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். எனக்காகத்தான் நினைத்தேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வார்டில் சுவரோரக் கட்டில். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். கட்டில் அருகே முக்காலியில் உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை ஆரம்பித்தேன்.

"சார், அன்னிக்குத் தபாலாபீஸ்ல..."

மடங்கிய கையைத் தூக்கினார். "வேணாந் தம்பி. யாரும் கேக்கலியே."

"இல்ல சார், நான்..."

"வேல கெடச்சிருச்சாமே. எந்த ஊரு?"

சொன்னேன். தண்ணீர் நல்லா இருக்கிற ஊர் என்றார். இருமல் வந்தது. வெகுநேரம் நிற்கவில்லை. அது அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். என் நெஞ்சில் பாரம் இறங்கிவிட்டது. அவர் மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் மன்னிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எவனையும் தன்னைக் காட்டிக்கொடுக்க வைக்காத மனிதர், என்னையும் வைக்கவில்லை, அவ்வளவுதான். அன்று எனக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ளாமல் இருப்பது வசதியாகவும் இருந்தது.

அவர் மனைவி என்னோடு வார்டு வாசல் வரை வந்தார். ஆரஞ்சுப் பையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மாவாட்டி மாவாட்டி விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன.

"இதெல்லாம் அவரு துன்ன முடியாது. எடுத்துனு போங்க."

"சரிங்கம்மா."

"எனக்குத் தெரியும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அவரு சொல்லல. எங்கிட்டயும் சொல்ல மாட்டாரு. அந்தக் கொழந்தயோட அப்பன் வந்த அன்னிக்கு சாயங்காலம் உங்க வயலுக்குப் போயிட்டு வந்தாரு. வந்து சோறு வேணான்னு படுத்துட்டாரு. அப்பவே தெரிஞ்சிது."

நான் ஆரஞ்சுப் பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

"அடுத்தவங்க பேரச் சொல்லக் கூடாதுன்னு இருக்கறவரு அவரு. அது அவரோட. உங்க பேர நீங்க சொல்லக் கூடாதுன்னு யாரு சொன்னாங்க? ஒரு வார்த்த. அந்தக் கமிட்டியில நீங்களும் இருந்தீங்களாமே. நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவரு இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல இருப்பாரு."

உள்ளே இருமல் மறுபடி தொடங்கியது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"இப்பவும் ஒண்ணும் ஆயிடல. ஏட்டு இங்கதான் போலீஸ் கச்சேரிக்கு வந்திருக்காராம். போயி சொல்லிட்டு வாங்க. சொல்லிட்டீங்கன்னு நா உள்ள போயி அவருகிட்ட சொல்றேன். அத ஒண்ணு கேட்டுட்டுப் போவட்டும்."

கச்சேரி எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. வாசலில் ஏட்டுவின் சைக்கிள் சாத்தியிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"திங்கக்கெழமை வேலையில சேரணுங்கம்மா" என்றேன்.

 அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப பஸ்ஸுக்கு நேரமாச்சு. போங்க" என்றார்.

நான் போனேன்.